ஐஸில் வைக்க மறந்தது

வியாழன், இரவு.

செம்பூர் லேபில் இன்று ஒரு தப்புப் பண்ணினேன். மீனிலிருந்து சுத்தம் செய்து எடுத்த டிஎன்ஏ, வெள்ளைப் பஞ்சு மாதிரி புட்டியில் வரும். அதைக் கரைத்துக் கொதிக்கவைத்தால் ஜோடி இழைகள் பிரிந்துவிடும். உடனே ஐஸில் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆறும்போது ஒன்றையொன்று தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

கொதித்து முடிந்த நேரத்தில் அம்மா போன் பண்ணினாள். "அப்பாவோட ஒத்தைச் செருப்பை எறிஞ்சுடட்டுமாடி? பார்க்கவே முடியலை." போன மாதம் தாதர் ஸ்டேஷனில் அப்பா ரயிலிலிருந்து விழுந்து இறந்தபோது, வலது கால் செருப்பு மட்டும்தான் எங்களுக்குக் கிடைத்தது. எறியாதே என்று அழுதேன். ஐஸ் மறந்தே போயிற்று.

திரும்பி வந்து அளந்தால், இழைகள் சேரத் தொடங்கியிருந்தன. உடன் வேலை செய்யும் தாராவி செல்வி எட்டிப் பார்த்தாள். "ஐஸ்ல வைக்கலைன்னா சேரத்தான செய்யும்? ஜானே தோ, விடுங்க, கீழ ஊத்திருங்கக்கா."

ஊற்றக் கை வரவில்லை. அந்தச் சோதனைக் குழாயை மூடி, அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.

மாதுங்காவில் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் வாசலில் அப்பாவின் செருப்பு ஜோடியாக இருந்தது. அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்: "இன்னொண்ணு எங்கேடி கெடச்சது? எங்கிட்டச் சொல்லாம எப்போ வந்து வெச்சுட்டுப் போனே?"

பகலில் நான் வீட்டுக்கு வரவேயில்லை.

யாராவது புதிதாக வாங்கி வைத்திருப்பார்கள் என்று இடது செருப்பைக் கையில் எடுத்தேன். அதிலும் அப்பாவின் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் இருக்கிறது. அந்த இடத்தில் இன்னும் சூடு ஆறவில்லை.