மூன்றாம் தூணிலிருந்து விழுந்த நாணயம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அச்சுப் பரிசோதகர், நாணயச் சாலை
(தையல் கூடத்தின் எதிர்வீடு, மாடி)

பெறுநர்:
கட்டடப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: தையல் கூடத்தின் மூன்றாம் தூணை உடனே பார்வையிட்டு, அதுவரை கூடத்தை மூடிவைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்குக் கட்டட அறிவு கிடையாது. முப்பத்தொரு ஆண்டுகள் நாணயங்களை உருப்பெருக்கியில் பார்த்தவன், அவ்வளவே. எழுதுவதில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. என் மகள் அக்கூடத்தில், மூன்றாம் தூணை ஒட்டிய இயந்திரத்தில் தைக்கிறாள். சென்ற வாரம் புதன்கிழமை, ஐந்தாம் தேதி, அத்தூணிலிருந்து உள்ளங்கையளவு பூச்சு பெயர்ந்து அவள் காலடியில் விழுந்தது. அதில் ஒரு நாணயம் பதிந்திருந்தது. “அப்பா, இந்த மாசம் தூணே எனக்கு போனஸ் போட்டிருக்கு” என்று கொண்டுவந்து கொடுத்தாள். நானும் சிரித்தேன். பிறகு ஆண்டைப் பார்த்தேன்.

3. நாணயத்தில் இருப்பது சென்ற ஆண்டின் எண். கூடத்தின் வாயிலில் ஒட்டியுள்ள தங்கள் அலுவலகச் சான்றிதழோ, தூணின் விரிசல் நான்கு ஆண்டுகளுக்கு முன் அடைக்கப்பட்டது, அதன்பின் அசைவில்லை என்கிறது. நாணயத்தில் ஆண்டைப் பொறிப்பது அழகுக்காக அன்று. உலோகத்தில் குறை என்று பின்னாளில் தெரிந்தால், அது எந்த ஆண்டில், யார் பார்வையில் வெளியே போனது என்று கண்டுபிடிப்பதற்காக. அவ்வாண்டு பிறக்குமுன் அந்த நாணயம் எங்கும் இருந்திருக்க முடியாது. நான்கு ஆண்டுப் பூச்சுக்குள் மட்டும் எப்படி இருக்கும்?

4. கடைசி இலக்கத்தைத் தவறாகப் படித்தேனோ என்று பலமுறை பார்த்தேன். பின் நேற்று, தூணைப் பூசிய கொத்தனாரைத் தேடிப்போய்க் கேட்டேன். “அது நான் வச்ச காசுதான், பெரியவரே. போன மழைக்கு விரிசல் திரும்ப வாயத் தொறந்துச்சு. சத்தம் போடாம பூசிட்டுப் போன்னாரு மொதலாளி. எனக்கு மனசு கேக்கல. விரிசல்ல காச இறுக்கிச் செருகி மேல பூசினேன். தூண் அசைஞ்சா காசு நிக்காது. அது விழுந்தா உள்ள ஒருத்தரும் இருக்கக் கூடாது” என்றார். விழுந்துவிட்டது என்றேன். அவர் கையிலிருந்த தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார். “எழுத்துல மட்டும் என் பேர இழுக்காதீங்க” என்றார். ஆகவே அவர் பெயரை எழுதவில்லை. நாணயத்தையும் பூச்சுத் துண்டையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

5. ஒன்பது நாள்களை என் தயக்கத்தில் கழித்துவிட்டேன். அதற்கு நானே பொறுப்பு. அதற்குள் மொட்டைமாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டி முடித்துவிட்டார்கள். வரும் திங்கள், பதினேழாம் தேதி காலை, அதை நிரப்பப் போகிறார்கள். கூடத்தின் பின்கதவு நேற்றிலிருந்து நிலையில் சிக்குகிறது, தோள் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கிறது என்று மகள் சொல்கிறாள்.

6. உள்ளே நாற்பத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். தொட்டி நிரம்புமுன் தாங்கள் நேரில் வந்து தூணைப் பார்க்க வேண்டும். நான் நினைப்பது தவறென்றால் அனைவர் முன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். திங்களன்று விடுப்பு எடு என்று மகளிடம் சொல்லிப் பார்த்தேன். “நான் போகலைன்னா அந்த மெஷின்ல வேற ஒருத்தி உக்காருவா, அப்பா” என்றாள். கூடத்தை மூடும் அதிகாரம் தங்களிடம்தான் இருக்கிறது.

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற அச்சுப் பரிசோதகர்

நாள்: 14, வெள்ளிக்கிழமை
இடம்: கூடத்தின் எதிர்வீடு