சிப்பிக்கரையின் புது ஏழைகளைக் குறித்து விடுத்த ஓலை

நீர் நிலைக்க, நெல் தழைக்க, நெறி நிற்க.

நெடுவேய் நாடும் கடற்கோட்டமும் ஒரு குடைக்கீழ்ப் புரந்தருளும் கோப்பெருநங்கைத் தேவியார் முகில்மாடத்து அத்தாணி மண்டபத்தில் வீற்றிருந்து திருவாய் மலர்ந்தருளியபடி, திருமந்திர ஓலைநாயகம் நக்கன் சேந்தன் எழுத்து. தென்கரை நாட்டின் காவலரும், பகைவர் கண்டு நடுங்கும் வாளினரும், விருந்தினர் கண்டு மகிழும் பந்தியினருமாகிய நாடாள்வார் கூத்தன் விழுப்பரையர் இதைக் காண்க. நும் ஆறுகள் கரையடங்கி ஓடுகின்றனவா, ஆநிரை பெருகுகிறதா, இல்லத்தார் நலமா என்று தேவியார் அன்போடு உசாவினார்.

இங்கு யாவரும் நலம். வெள்ளம் வந்த நாள் முதல் வாடியிருந்த தேவியார் திருமுகம் இப்போதுதான் மலர்ந்திருக்கிறது. அதற்குக் காரணமான செய்தியே இவ்வோலையின் பொருள். அரச ஓலைக்குரிய மிடுக்கோடு எழுத வேண்டும் என்றுதான் எழுத்தாணியை எடுத்தோம். நடந்ததை நினைத்தால் சிரிப்பு அடங்கவில்லை. எழுத்துக் கோணலாயிருந்தால் பொறுத்தருள்க.

சென்ற கார்காலத்துப் பெருவெள்ளம் நும் ஆட்சிக்குட்பட்ட சிப்பிக்கரையின் பள்ளத்தெருவை வாரிக்கொண்டு போனதை நீவிர் அறிவீர். மேட்டுத்தெரு மாளிகைகளில் ஒரு செங்கல் நனையவில்லை. பள்ளத்தில் ஒரு குடிசை மிஞ்சவில்லை. தேவியார் மனம் பொறாமல், கோயிலுக்கு வடக்கே உயர்ந்த நிலத்தில் ஓடு வேய்ந்த வீடுகளைக் கட்டுவித்து, வீடற்ற ஏழையர்க்குத் தானமாக்கினார். தகாதவரும் கை நீட்டுவரே என்று அஞ்சிய அமைச்சவையார் ஒரு விதி வகுத்தனர். வீடு வேண்டுவோர் கோயிற்குளத்தில் இடுப்பளவு நீரில் ஈர ஆடையோடு நின்று, தமக்கு வீடில்லை, நிலமில்லை, மாடில்லை என்று ஊரார் காது கேட்க இறைவன் பெயரால் சத்தியம் செய்ய வேண்டும் என்பது அது. வசதி படைத்தவர் எவரும் அந்தக் குளத்தில் இறங்க நாணுவர் என்று அவையார் முழுமனதாய் நம்பினர். பாவம், அவையார்!

சிப்பிக்கரையில் கொற்றி என்றொருத்தி இருக்கிறாள். சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் காளவாய் வைத்திருப்பவள். மேட்டுத்தெருவில் வெள்ளை பூசிய மாளிகை ஒவ்வொன்றின் சுவரும் அவள் நீற்றிய சுண்ணாம்புதான். அவள் குடிசையோ வெள்ளத்தோடு போய்விட்டது. கணவன் இறந்து நெடுநாளாயிற்று. ஒரே மகள் உலகி. ஏழாம் மாதத்திலேயே தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு வந்தவள். வந்த இடத்தில் தாய்க்கே வீடில்லை! காளவாயை ஒட்டிய ஓலைச்சார்ப்பில், புகைக்கும் நீற்றுத்தூளுக்கும் நடுவே, அந்தப் பிள்ளைத்தாய்ச்சி இருமிக்கொண்டு கிடந்தாள். பிள்ளை பிறக்குமுன் மகளை ஒரு நல்ல கூரையின் கீழ்க் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட வேண்டும், கொற்றிக்கு அது ஒன்றுதான் கவலை.

சத்தியத்துக்குக் குறித்த நாளில் விடியுமுன்னே அவள் குளக்கரைக்குப் போனாள். போனால், அவளுக்கு முன்பே குளத்தில் இறங்கி நிற்பவர் யார் என்கிறீர்? ஊர்ச்சபைத் தலைவர் மேல்வயற்கிழார்! கண்ணுக்கெட்டிய வயலெல்லாம் தமதாய் உடையவர். தம் மாட்டுக்காரனின் கந்தலை இரவல் வாங்கி உடுத்தியிருந்தார்; அந்தக் கந்தல் அவர் வயிற்றைச் சுற்றி வர மறுத்துப் பாதியில் நின்றுவிட்டது. காதுக் குண்டலங்களைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாராம். பொன்னின் பாரம் தாங்கித் தோள்வரை தொங்கும் காதுகளை எங்கே கழற்றி வைப்பது? அவர் பின்னால் அவர் மக்கள், மருமக்கள், சம்பந்திமார் எல்லாரும் வரிசையாய் நின்றனர். அத்தனை பேரும் இறங்கியதில் குளத்து நீர் ஒரு படி ஏறிற்று என்று கொற்றி அத்தாணி மண்டபத்தில் சொன்னாள். அதைக் கேட்டுத் தேவியார் சிரித்த சிரிப்பில் சாமரம் வீசுவோரும் வீசுவதை மறந்தனர்.

வீடு வழங்கும் பொறுப்பில் இருந்தவன் மனைக் கண்காணி தத்தன். தானம் அறிவித்த முதல் வாரமே அவன் காளவாய்ப் பக்கம் வந்து, தன்னைக் கொஞ்சம் கவனித்தால் வேலை தானே நடக்கும் என்று கொற்றியிடம் இளித்திருக்கிறான். கையூட்டுக் கொடுக்கத் தன்னிடம் சுண்ணாம்பைத் தவிர ஒன்றுமில்லை, வேண்டுமானால் ஒரு வாளி கொதிக்கக் கொதிக்கத் தருகிறேன், எங்கே ஊற்ற என்று அவள் கேட்டிருக்கிறாள். அந்தக் கோபத்தை மனத்தில் வைத்திருந்தவன், பொழுது சாயும் வரை அவளை நீரிலேயே நிற்கவிட்டு, வீடுகளையெல்லாம் கிழார் போன்றோருக்கே வழங்கிவிட்டு, முடிவில் தீர்ந்துவிட்டன என்றான். வருந்தற்க, மழை ஆண்டுதோறும் பெய்கிறது, இன்னொரு வெள்ளம் வரும், இன்னொரு தானமும் வரும் என்று ஆறுதல் வேறு சொன்னானாம். கேட்டீரா, விழுப்பரையரே, நும் கண்காணியின் கருணையை! கொற்றி ஈர ஆடையோடு திரும்பினாள். காளவாயின் பின்புறம் போய், மகள் காணாதபடி சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இதை எழுதும்போது எமக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆனால் அவள் அழுதபடியே இருந்துவிடும் பெண் அல்லள். சிப்பிக்கரையில் நெடுங்கால வழக்கம் ஒன்று உண்டு. குளத்தில் நின்று தம்மை ஏழை என்று சத்தியம் செய்தவரைத் தெருவார் பட்டினி விடலாகாது. முறைவைத்துக் கஞ்சி கொண்டுபோய் ஊட்ட வேண்டும். அந்தக் கஞ்சியை மறுப்பது சாமியையே மறுப்பதாகும். மறுநாள் விடிந்ததும் கொற்றி காளவாய்த் தணலில் ஒரு பானையை ஏற்றினாள். பள்ளத்தெருப் பெண்கள் தங்கள் பங்குக்குப் பிடி பிடியாய் நொய் கொண்டுவந்து போட்டனர். பானையைச் சுமந்து, குலவையிட்டுக்கொண்டு, எல்லாருமாக மேல்வயற்கிழார் மாளிகை வாசலில் போய் நின்றனர்.

ஒரே இரவில் தலைவர் இப்படி நொடித்துப்போனாரே என்று தெருவே உறங்கவில்லை, இந்த மாளிகை எந்தப் புண்ணியவானுடையதோ, வீடற்ற தலைவரை உள்ளே படுக்கவிட்ட அவன் நன்றாயிருக்க வேண்டும் என்று கொற்றி கைகூப்பிச் சொல்லிக் கஞ்சியை நீட்டினாள். கிழார் மனைவியைப் பார்த்தார். மனைவி கஞ்சியைப் பார்த்தாள். தெருவே கிழாரின் வாயைப் பார்த்தது. வேறு வழியின்றி மனிதர் மடமடவென்று குடித்துவைத்தார். உப்பில்லை என்று அவர் முனக, ஏழைக் கஞ்சியில் உப்பை எங்கே தேடுவது என்று பெண்கள் வருந்தினார்களாம். அன்று முதல் நாள் தவறாமல் அந்த வாசலுக்கும், அவர் சம்பந்திமார் வாசல்களுக்கும் கஞ்சி போயிற்று. ஊரில் அவர்களுக்குப் புது ஏழைகள் என்றே பெயர் விழுந்துவிட்டது.

இதைக் கண்டு உழவருக்கும் துணிவு வந்தது. அறுவடை ஆனதும், நிலத்துக்கு உடையவர் யார் என்று தெரியவில்லையே, கிழாருக்கு நிலமில்லை என்பதைத்தான் ஊரே கேட்டதே என்று வெகுளியாய்ச் சொல்லி, கிழார் பங்கான மேல்வாரத்து நெல் முழுவதையும் கோயிற் களஞ்சியத்தில் கொட்டிவிட்டனர். உடையவரற்ற மாடுகளை ஊர்ப்பட்டியில் அடைத்தனர். அவற்றின் பால் பள்ளத்தெருப் பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் போயிற்று. உலகியின் கன்னம் சற்றே தேறியது. பட்டிப் பக்கம் கிழார் ஓடி ஓடி வருவார், என் மாடு என்று வாயெடுப்பார், பிறகு சொல்லை விழுங்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி திரும்பிப்போவார். சொல்லிவிட்டால் பொய்ச்சத்தியக்காரர் ஆகிவிடுவாரே!

இவ்வாறிருக்க, ஊர்ச்சபைக்குப் புதியவரைத் தேரும் நாள் வந்தது. சொந்த மனையும் சொந்த நிலமும் உடையவர் பெயரையே குடத்தில் இடலாம் என்பது நம் முன்னோர் வகுத்த முறை. வீட்டுக்காகக் குளத்தில் இறங்கியபோது கிழாருக்கு இது நினைவில் வரவில்லை. பேராசை வந்தால் புத்தி எங்கே நிற்கும்? அவர் பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் இடப்போகும் வேளையில், மண்டபத்துக்கு வெளியே கூட்டத்தில் நின்ற கொற்றி உரக்கக் கேட்டாள். வீடும் நிலமும் இல்லாத பாவப்பட்ட மனிதரைச் சபையில் ஏற்றினால் முறை கெடாதா, பெரியோர்களே என்றாள். மண்டபம் கொல்லென்று சிரித்து, பிறகு கிழாரையே பார்த்தது.

ஒன்று நாற்காலி போகும், அல்லது மானம் போகும். கிழார் நாற்காலியைத்தான் பிடித்துக்கொண்டார். அந்த மாளிகையும் என்னுடையது, வயலும் என்னுடையது, மாடும் என்னுடையது, குளத்தில் சொன்னது சும்மா ஒரு சடங்குக்குச் சொன்னது என்று துள்ளிக் குதித்துக் கத்தினார். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிக்கச் சிரிக்க அவருக்குச் சினம் தலைக்கேறியது. என்னை மட்டும் பார்த்துச் சிரிப்பானேன், கிழக்கு பார்த்த மூலை வீட்டை, கிணற்றோடு கூடிய அந்தப் பெரிய வீட்டை வாங்கியவர் யார் தெரியுமா, அவர் சார்பில் அவர் மைத்துனர் பூதனார் குளத்தில் நின்று வாய்க்குள்ளேயே சத்தியத்தை முணுமுணுத்ததை என் காதால் கேட்டேன் என்று சொல்லி, ஒரு பெயரையும் சொன்னார்.

சிரிப்பு அடங்கிப்போயிற்று. அது நும் பெயர், விழுப்பரையரே.

தென்கரை நாடு முழுதும் ஆளும் நாடாள்வார்க்கு வீடில்லை, நிலமில்லை, மாடில்லை என்று இறைவன் முன் சத்தியம் ஆகியிருக்கிறது! இதைக் கேட்ட தேவியார்க்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. ஓலை எழுதும் நாமும் நீவிரும் ஒரே ஆசிரியரிடம் பயின்றவர்கள். நும் மாளிகையில் எத்தனை முறை வயிறார உண்டிருக்கிறோம்! அந்த நட்பால் சொல்கிறோம்: வெட்கமாயிருக்கிறது.

சபையார் நால்வரோடு உப்புப் படகில் ஏறிக் கொற்றி தலைநகர் வந்தாள். மகளைப் புகையில் தனியே விட்டுவர மனமின்றி உலகியையும் உடன் அழைத்து வந்தாள். யாருக்கு என்ன தண்டம் வேண்டும் என்று தேவியார் வினவ, தண்டிப்பது தங்கள் வேலை, தாயே, எனக்கு மகள் பேற்று வேலை தலைக்குமேல் கிடக்கிறது, வீட்டைத் திறந்துவிடச் சொன்னால் போதும் என்றாள். அரண்மனையிலேயே பேறு பார்க்கலாம் என்று தேவியார் சொல்லியும் அவள் இசையவில்லை. பிறக்கும் பிள்ளை எவர் தயவிலும் பிறக்க வேண்டாம், தன் வீட்டில் பிறக்கட்டும் என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு அவை எழுந்து நின்றது.

ஆகவே தேவியார் ஆணையாவது: மேல்வயற்கிழாரும் சுற்றத்தாரும் தம் சொத்துத் தம்முடையதே என்று ஒப்பியமையால் தானவீடுகளை விட்டுக்கொடுத்தனர், அவற்றில் பள்ளத்தெருவார் குடியேறிவிட்டனர். களஞ்சியத்தில் சேர்ந்த நெல் திரும்பாது. ஆண்டு முழுதும் அதைப் பள்ளத்தெருவுக்கு உப்பிட்டுச் சமைத்துப் போடுவது கிழாரின் கடன். இனி எந்நாளும் அவர் பெயர் குடத்தில் விழாது. கண்காணி தத்தன் பதவி நீங்கி, காளவாய்க்குச் சிப்பி சுமப்பான். கூலி உண்டு, கொற்றியின் வசவும் உண்டு. வீடுகளைச் சீட்டுப்போட்டுப் பங்கிட்டபோது மூலை வீடு கொற்றிக்கு விழுந்தது. அது ஒன்று மட்டும் நும் காவலர் பூட்டிய பூட்டோடு நிற்கிறது; திறவுகோல் நும்மிடம் இருப்பதாகச் சொல்கின்றனர்.

நும் பெயரால் செய்த சத்தியம் மெய்யாயின், நும் மாளிகையும் நிலமும் ஆநிரையும் உடையவரற்றவை. அவற்றை அரசு ஏற்கும், வீடற்றவர் நாடாள்வாராய் இருத்தலும் முறையன்று. பொய்யாயின், வரும் பௌர்ணமியன்று சிப்பிக்கரைக் குளத்தில் நீவிரே இறங்கி நின்று, எனக்கு வீடுண்டு, நிலமுண்டு, மாடுண்டு, இருந்தும் எடுத்தேன் என்று ஊரறியச் சொல்ல வேண்டும். அன்று தேவியாரும் கரையில் எழுந்தருளியிருப்பார். இரண்டில் எதுவென்று தேர்வது நும் உரிமை. திறவுகோலைத் தருவதில் நுமக்குத் தேர்வு இல்லை.

இவ்வோலையைக் கொணர்ந்து, நீவிர் படித்து முடிக்கக் காத்து நும் எதிரே நிற்பவள் கொற்றியே. உலகியும் அரண்மனை மருத்துவச்சியும் நும் துறையில் படகில் இருக்கின்றனர். இன்றோ நாளையோ என்கிறாள் மருத்துவச்சி. எழுந்து நின்று திறவுகோலைக் கொற்றி கையில் கொடுக்க. நாளை வா என்று சொல்லிப் பழகிய நாவை இன்று ஒரு நாள் அடக்கிக்கொள்க. தாமதித்தால் மருத்துவச்சி உலகியை நும் மாளிகைக்கே அழைத்து வருவாள்; அப்பிள்ளை அங்கே பிறக்குமாயின், பிறந்த வீடு பிள்ளைக்கே உரியதாகும். இது தேவியார் தம் கையால் வேப்பிலை முத்திரை பதித்து அருளிய ஆணை.

விரைக, விழுப்பரையரே.