முடிச்சின் மேல் சிவப்பு டேப்

அன்பு மகனுக்கு,

அப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம், அதையே நலம் என்று எடுத்துக்கொள். நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். இதற்கு மேல் இனிக்க இனிக்க எழுத எனக்கு வரவில்லை, பொறுத்துக்கொண்டு படி.

செவ்வாய்க்கிழமை மதியம் கரண்ட் போய்விட்டது. அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் கீ கீ என்று கத்திவிட்டு நின்றது. அவரைச் சின்ன சிலிண்டருக்கு மாற்றினேன், அது ஒரு மணி நேரம்தான் வரும் என்று உனக்கே தெரியும். கொட்டகைக்கு ஓடி ஜெனரேட்டர் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தேன், அது அறுந்து, கைப்பிடியும் கையுமாக மல்லாக்க விழுந்தேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் ஓடி வந்தார். மூன்று போல்ட்டைக் கழற்றி மூடியைத் திருப்பினால், சக்கரத்தில் சுற்றியிருந்த மிச்சக் கயிற்றின் நுனியில் ஒரு முடிச்சு, அதன் மேல் சிவப்பு டேப். உன் டேப். கிளம்பின அன்று காலையில் கொட்டகையில் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்து, "எல்லாம் செக் பண்ணிட்டேன்மா, பயப்படாதீங்க" என்றாயே, அது இதுதானா? அன்றைக்கே அறுந்ததை ஒட்டுப் போட்டு மூடிவிட்டு விமானம் ஏறிவிட்டாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னைத் தூக்கிலா போட்டிருப்பேன்?

மாற்றுக் கயிறு வீட்டில் இல்லை. துணி காயப்போடும் கொடிக்கயிறு தடிமன், சக்கரத்தின் துளையில் நுழையவில்லை. ஜன்னல் திரையின் நைலான் கயிற்றை வெட்டி, நுனி பிரியாமல் நெருப்பில் காட்டி உருக்கினேன். சக்கரத்தை ஐந்து சுற்று முறுக்கி ஸ்பிரிங்குக்கு விசை ஏற்றி, விடாமல் பிடித்துக்கொண்டு கயிற்றைக் கோக்க வேண்டும். முதல் தடவை டிரைவரின் கை வழுக்கி, சக்கரம் விர்ரென்று திரும்பி என் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. மறுபடி முறுக்கி, ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே கொடுத்து நிறுத்தி, கோத்து முடிச்சுப் போட்டு மெல்ல விட்டோம், கயிறு தானாக உள்ளே சுற்றிக்கொண்டது. நடுவில் ஓடிப் போய்ப் பார்த்தேன், சிலிண்டர் முள் சிவப்பில், அப்பாவின் உதடு நீலத்தில். மூடியை மாட்டி இழுத்தேன். மூன்றாவது இழுப்பில்தான் இஞ்சின் பிடித்தது. ஓடிப் போய் அப்பாவை மறுபடி மெஷினுக்கு மாற்றிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மூச்சு சீரானதும் அப்பா முதலில் சொன்னது, "அவன்கிட்ட சொல்லாத, அவ்ளோ தூரத்துல கெடந்து தவிப்பான்" என்பதுதான். நானும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் போனில், அந்தக் கயிறு நன்றாக இருந்ததா என்று ஜாடையாகக் கேட்டேன். "சூப்பரா இருந்துச்சேம்மா" என்றாய். அதனால்தான் எழுதுகிறேன். தவி.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். இந்த வீட்டில் வேறு எதையெல்லாம் இப்படி மூடி வைத்துவிட்டுப் போனாய் என்று ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பு. திட்ட மாட்டேன். எது அறும் என்று தெரிந்தால் போதும், நானே சரிசெய்துகொள்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா