மதகை மூட வேண்டாம், மீனுக்குப் பசிக்கிறது

முகில் இறங்கி இளைப்பாறும் கொடுமுடிகளுக்கு உரியவரும், அருவிகளின் தலைவாயில் காப்பவரும், எம் அரசியார் அண்ணன் என்று அன்போடு அழைப்பவருமாகிய முகில்மலை வேந்தர் அருவிக்கோமான் திருமுன்பு, ஆலங்கழனி நாட்டு அரசி நீலமணித் தேவியாரின் ஆணைப்படி பேரமைச்சர் நந்தியடியார் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் மலையில் தேன் பெருகுக. தங்கள் யானைகள் மதம் அடங்கி வாழ்க. தங்கள் தலைமதகு திறந்தே கிடக்க.

கடைசியாகச் சொன்னது வெறும் வாழ்த்தன்று, மன்றாட்டு. இவ்வோலைக்கு முன்பே வேறோர் ஓலை தங்கள் கைக்கு வந்திருக்கும். ஆலங்கழனியார் விருந்துமீனைப் பட்டினி போட்டுக் கொல்கிறார்கள், உடனே மதகை மூடுங்கள் என்று தங்கள் தூதர் குறும்பொறையார் அதில் எழுதியிருப்பார். அதைக் கண்டு தாங்கள் மதகுக் காவலரை அழைத்திருந்தால், அருள்கூர்ந்து அவர்களை அமரச் சொல்லி ஆளுக்கொரு குவளை மோர் கொடுங்கள். இதைப் படித்து முடிக்கும் வரை ஒருவரும் எழ வேண்டாம்.

நம் இரு நாடுகளின் உடன்படிக்கை தாங்கள் அறிந்ததே. தங்கள் சுனையில் பிறந்த செங்கெண்டை ஒன்று எம் அரண்மனையில் விருந்தினராக வாழும். அது வாழும் வரை எம் வயல்களுக்கு நீர் தரும் தலைமதகு திறந்திருக்கும். எம் நாட்டில் அது பசியால் மாண்டால் மதகு மூடப்படும். அத்தோடு தங்கள் நாட்டு வழக்கம் ஒன்றையும் தூதர் எங்களுக்குக் கற்பித்தார். விருந்துமீனைக் காண்பவர் எவரும் ஒரு பிடி பொரி இடாமல் கடந்து போகலாகாது என்பதே அது. ஆலங்கழனி மக்களுக்கு விருந்தோம்பலைக் கற்பிக்கவும் வேண்டுமோ! கொலுமண்டபத்துச் செப்பு அண்டாவில் நீந்திய அந்தச் செம்பொன் மேனியாருக்குப் பொரி மழை பொழிந்தது.

நாற்றங்கால் பசேலென்று எழுந்து, நடவுக்கு உழவர் கச்சை கட்டியிருந்த நாளில் அது நேர்ந்தது. காலையில் மண்டபத்துக்கு வந்த அரசியார் அண்டாவை எட்டிப் பார்த்தார். மீன் ஒருக்களித்து மிதந்தது. வயிறு உருண்டை, வால் மட்டும் ஏதோ கடமைக்கு அசைந்தது. அரசியாரின் கண்ணுக்கு அண்டாவும் தெரியவில்லை, மீனும் தெரியவில்லை. தண்ணீரின்றி வெடித்த வயல்தான் தெரிந்தது.

அரண்மனை வைத்தியர் பூதியார் பறந்து வந்தார். மீனைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு தயங்கித் தயங்கி வாய் திறந்தார்.

"தேவி, நாடி பிடித்துப் பார்க்கலாம் என்றால் இதற்குக் கையே இல்லையே!"

சேனைத்தலைவர் மல்லியண்ணர் அருகில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "உமக்கு வைத்தியம் பார்க்கத் தெரியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போமய்யா!"

அரசியார் இருவரையும் அனுப்பிவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுத் தூணோரம் அமர்ந்தார். எதிரியின் பாசறையை ஒற்றர் பார்ப்பதுபோல் அண்டாவைப் பார்த்தார். காவல் மாறிய வீரர்கள் வந்தார்கள்; ஆளுக்கொரு பிடி. வழக்குச் சொல்ல வந்த ஊரார் வந்தார்கள், ஆளுக்கொரு பிடி. பூக்காரி, யானைப்பாகன், புலவர், அவர் மைத்துனர் என்று ஒருவர் பாக்கியில்லை. வைத்தியர் பூதியாரே போகிற போக்கில் நோயாளிக்கு இரண்டு பிடி இட்டுவிட்டுப் போனார். தின்னாத பொரி அடியில் ஊறி, தண்ணீர் புளித்துப்போய் நாறியது.

திருமண விருந்துக்குப் பிறகு மல்லியண்ணர் இப்படித்தான் ஒருக்களித்துக் கிடப்பார் என்பது அரசியாருக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது. வாய்விட்டுச் சிரித்து, போன வைத்தியரைக் கூவி அழைத்தார்.

"வைத்தியரே! இது நோயில்லை, விருந்து!"

அன்றே மீன் அரசியாரின் சொந்த அடுக்களை முற்றத்துக் கல்தொட்டிக்கு மாறியது. குளத்து நீரை ஊற்றி, ஒரு சிட்டிகை கல்லுப்பு கரைத்து, நாளும் பாதி நீரை இறைத்துப் புது நீர் விடும் வேலையை அரசியார் தம் கையாலேயே செய்தார். உணவு மட்டும் கிடையாது. ஒரு பருக்கைகூடக் கிடையாது.

அரண்மனை நடுங்கியது. பசியால் மாண்டால் மதகையே மூடவைக்கும் மீனுக்கு மருந்தே பட்டினி என்றால் நடுங்காமல் என்ன செய்யும்? தூதர் குறும்பொறையார் கொதித்தெழுந்தார். "எங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வந்து கொலைப்பட்டினி போடுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, ஓலையை எழுதிக் குதிரையில் ஏற்றினார். எல்லையில் அக்குதிரையை மடக்கிவிடலாமா என்று மல்லியண்ணர் அரசியாரின் காதோரம் கேட்டார்.

"வேண்டாம் அண்ணா. தூதர் கண்டதை எழுதினார், அது அவர் உரிமை. குதிரையை விடுங்கள், மீனைப் பிழைக்க வைப்போம்."

ஆனால் மீன் தேறவில்லை. வயிறு வற்றவுமில்லை. அரசியாருக்கே உள்ளுக்குள் திக்கென்றது. தம் கணக்குத் தப்பாயிருந்தால் நாடே அல்லவா காயும்! இந்நிலையில் ஒருநாள், தொட்டி ஓரத்தில் பாசியோடு பாசியாக ஒட்டியிருந்தது ஒரு பொரி.

யாரோ ஊட்டுகிறார்கள்!

மல்லியண்ணர் ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் பதுங்கினார். அவ்வளவு பெரிய உடம்பை அந்தக் கல் எப்படி மறைத்தது என்பதை இவ்வோலை எழுதும் அமைச்சர் இன்றுவரை அறியார். உச்சிவெயிலில் ஓர் உருவம் பூனைநடை போட்டு வந்தது, தலைப்பாகையை அவிழ்த்தது. மல்லியண்ணர் பாய்ந்தார். முற்றம் முழுதும் பொரி சிதறியது. நடுவில் நின்றவர் வேறு யாருமில்லை, தங்கள் தூதர் குறும்பொறையார்.

"யோவ் தூதரே! மீனைக் கொல்வது நாங்களா, நீரா?"

அரசியார் வந்தபோது தூதரின் கண் கலங்கியிருந்தது. "தாயே, நான் வந்தாலே அது வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் என்னை விசாரிப்பதுபோல் இருக்கிறது. இந்த ஊரில் எனக்கும் அதுதானே ஒரே சொந்தம்? வெறுங்கையோடு எப்படி நிற்பேன்?"

அரசியாருக்குக் கோபம் வரவில்லை. தூதரின் கையிலேயே தொட்டியை ஒப்படைத்தார். "நீரே காவல் இரும். பேச்சுக்கொடும், பாட்டுப் பாடும். கைகளை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளும்."

தூதர் தொட்டியை விட்டு நகரவில்லை. தங்கள் மலைப் பாடல்களையெல்லாம் மீனுக்குப் பாடித் தீர்த்தார். எம் அடுக்களைப் பெண்களுக்கு இப்போது அவை மனப்பாடம். பிறகு ஒரு காலை, அரண்மனை அதிர ஒரு கூச்சல் கேட்டது.

"போயிடுச்சு! தாயே, ஓடி வாங்க! போயிடுச்சு!"

உயிர்தான் போயிற்று என்று அரசியார் வெறுங்காலோடு ஓடினார். போனது உயிரன்று, வேந்தே. விருந்தினர் தம் வயிற்றுப் பாரத்தை நீண்டதோர் நூலாக நீரில் இறக்கிவிட்டு, வெட்கமே இல்லாமல் நிமிர்ந்து நீந்திக்கொண்டிருந்தார். மல்லியண்ணர் போர்முரசை அறையச் சொன்னார். எந்த வெற்றிக்கு முரசு என்று தெரியாமலேயே கோட்டைக்கு வெளியே மக்கள் ஆடினார்கள். தோல் நீக்கி வேகவைத்த பச்சைப்பயற்றை அரசியார் விரலால் மசித்துத் துளியளவு இட்டார். மீன் அதைக் கவ்வித் திரும்பிய வேகத்தில் வால் அடித்த தண்ணீர், தூதரின் மீசையை முழுக்காட்டியது. அவர் அதைத் துடைக்கவே இல்லை.

ஆகவே எம் நாட்டார் அனைவருக்கும் அரசியாரின் ஆணை இதுவாகும்: விருந்துமீனைக் காண வருபவர் வணங்கலாம், பாடலாம், நலம் விசாரிக்கலாம், பொரியோடு பிடிபட்டால் அதை அங்கேயே நின்று தாமே தின்று தீர்க்க வேண்டும். தங்கள் திருமுன்பு எங்கள் வேண்டுகோள், மதகு திறந்திருக்கட்டும் என்பதும், தூதரின் இல்லாளையும் பிள்ளைகளையும் அடுத்த வண்டியிலேயே ஏற்றி அனுப்புக என்பதும். அவருக்கும் இனி ஊர்ப் பேச்சுப் பேச ஆள் வேண்டாமா?

இத்துடன் வரும் சிறு மூட்டை, தூதரின் தலைப்பாகையிலிருந்து கைப்பற்றிய பொரி. புத்தாணையின்படி அவரே பாதியைத் தின்றுவிட்டார். மீதி அண்ணனாகிய தங்களுக்கு என்கிறார் அரசியார். வழக்கம் தங்கள் நாட்டுடையதாயிற்றே!

ஆலங்கழனி நாற்றுமுடி முத்திரையும், அதனருகே குறும்பொறையார் தம் கையால் இட்ட முகில்மலை முத்திரையும் காண்க. அரக்கு காயும் இவ்வேளை, விருந்தினர் நலமாகவும் நல்ல பசியோடும் இருக்கிறார்.