நாக்குக்காரர் வேண்டாமென்ற பன்றி

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ முதலில் எங்காவது உட்கார், பிறகு படி. போனில்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் போன் என்றால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும், நீயும் பாதியில் "சரிடி, வைக்கிறேன்" என்பாய். கடிதத்தைப் பாதியில் வைக்க மாட்டாய் என்று ஒரு தைரியம்.

உன் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி நீ எழுதியதை நான் மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். வலிப்பு வந்து தையல் மெஷின் மேல் விழுந்ததையும், உன்னை நூல் வெட்டும் மேஜைக்கு மாற்றிவிட்டதையும் எழுதி, "மாமாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது. நம் ரத்தம் அப்படி. இதை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன்" என்று முடித்திருந்தாய். அக்கா, அது ரத்தமாக இல்லாமல் இருக்கலாம்! ஒரு புழுவாக இருக்கலாம்!

நம் நாக்குக்காரரை ஞாபகம் இருக்கிறதா? பன்றி வாங்க வருகிற வியாபாரி. பன்றியைச் சாய்த்துப் போட்டு, வாயில் குச்சியைக் குறுக்கே கொடுத்து, நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, அடியில் தடவிப் பார்ப்பாரே. அங்கே அரிசி மாதிரி வெள்ளையாகத் தட்டுப்பட்டால் "அரிசி இருக்கும்மா, வேண்டாம்" என்று கை துடைத்துக்கொண்டு போய்விடுவார். அப்பா முகம் தொங்கும். நீயும் நானும் மட்டும் கொல்லைப்புறம் ஓடிக் குதிப்போம். விற்காத பன்றி நம் வீட்டுக் கறியாயிற்றே! நாம் மட்டுமா, தெருவே அப்படித்தான். நல்ல பன்றியை விற்போம், கெட்டதை நாமே தின்போம், அதுவும் சந்தோஷமாக.

போன மாதம் நான் லேப் வேலை பார்க்கிற கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்தும் டாக்டர்கள் வந்திருந்தார்கள். நம் பக்கத்து ஊர்களில் வலிப்பு ஏன் இவ்வளவு என்று பேச்சு. கால்நடை டாக்டரம்மா, "சந்தைக்கு வருகிற பன்றியெல்லாம் சுத்தமாகத்தானே இருக்கிறது, பிறகு எப்படி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். நாம் பன்றி வளர்க்கிற வீடு என்று அங்கே யாருக்கும் நான் சொன்னதில்லை, உனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுப் பேச்சு வந்தாலே டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுவேன். அன்றைக்குக் கை தானாக மேலே போனது. "சந்தைக்கு வராததை நாங்க சாப்பிட்டுடுவோம் மேடம்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு, "முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார். நான் பேசினேன் அக்கா, மூச்சு விடாமல்!

அந்த அரிசி புழுவின் குஞ்சாம். கறி சரியாக வேகாவிட்டால் அது நம் வயிற்றில் நாடா மாதிரி நீளப் புழுவாக வளருமாம். அதன் முட்டை மலத்தோடு வெளியே போகும். புதர்ப் பக்கம் மேய்கிற பன்றி அதைத் தின்றால் பன்றியின் சதையில் அரிசி. சரியாகக் கழுவாத விரல் வழியாக மனிதர் வாய்க்குள் போனால் மனிதரின் மூளையிலும் அரிசி. பல வருஷம் சும்மா இருந்துவிட்டு, பிறகு ஒருநாள் வலிப்பு.

உடனே மலத்தைச் சோதிக்க நம் தெருவுக்கே டப்பா கொடுக்க முடிவாயிற்று. வீடு வீடாகப் போய், காலையில் இதில் கொஞ்சம் எடுத்து வையுங்கள் என்று சொல்வது என் வேலை. "இதுக்காடி உன்னைப் பட்டம் வாங்க வெச்சேன்?" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். எதிர் வீட்டு அத்தை, "மாப்பிள்ளை தேடும்போது இந்த உத்தியோகத்தைச் சொல்லிடாதீங்க" என்றாள். அம்மா மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு, தன் டப்பாவைப் பழைய ரவிக்கைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

அதில் ஒன்றும் இருக்காது என்று நினைத்து, கை பழகுவதற்காக அதைத்தான் முதலில் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். பழுப்பாக, உருண்டையாக, ஓரத்தில் நாணயத்துக்கு இருப்பது போல வரி வரியாக முட்டைகள். "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் ரவிக்கைத் துணி கண்ணில் பட்டது.

அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். புழு வெளியே வந்துவிட்டது. துண்டைப் பார்த்து, பன்றியிலிருந்து வருகிற அதே புழுதான் என்று டாக்டர் உறுதி செய்தார். கறி பாதி வேகும்போதே ஒரு துண்டை வாயில் போட்டு உப்புப் பார்ப்பாளே, அதில் வந்திருக்கலாம் என்றார்.

நான் விளக்கிச் சொன்னதையெல்லாம் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அப்போ என் தம்பியும் என் கையாலதானே சாப்பிட்டான்?" செத்துப்போன மாமாவுக்கு என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது, அதுதான் உண்மை. அதையே சொன்னேன். "அக்காகிட்ட மறைக்காம எல்லாத்தையும் எழுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது உன் விஷயம். ஸ்கேன் எடுக்காமல் எதையும் சொல்லக் கூடாது என்று டாக்டர் என்னை இரண்டு தடவை அடக்கினார். சரி, அடங்கிக்கொள்கிறேன். ஆனால் நீ லீவு போட்டுவிட்டு வா. புழுவின் குஞ்சு என்றால் மருந்து இருக்கிறதாம், பெரும்பாலானவர்கள் வலிப்பை அடக்கி நன்றாக வாழ்கிறார்களாம், பிள்ளைக்கு அது வழிவழியாக வராதாம். அவசரப்பட்டு மருந்துக் கடையில் பூச்சி மாத்திரை வாங்கி விழுங்கிவிடாதே. தலைக்குள் இருப்பது செத்தால் வீங்கி ஆபத்தாகிவிடுமாம், டாக்டர் பக்கத்தில் இருந்துதான் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிவிடு. எலக்ட்ரீஷியன், ஷாக் அடித்துத் துள்ளினவர்களையே பார்த்தவர், இதற்கா ஓடிவிடப் போகிறார்?

அப்பா பன்றிகளைக் கொட்டிலில் அடைத்துவிட்டார். கக்கூசுக்குக் குழி வெட்டுகிறார். நாக்குக்காரர் வேடிக்கை பார்க்க வந்து, இரண்டு கூடை மண் அள்ளிவிட்டுப் போனார்!

ஒன்று மட்டும்தான் சரியாகவில்லை. அம்மா சமைப்பதில்லை. இனி பயமில்லை, சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும் என்று டாக்டர் சொல்லியும், அடுப்படி வாசலில் நின்று அப்பாவுக்குச் சமைக்க வழி சொல்கிறாளே தவிர உள்ளே காலெடுத்து வைப்பதில்லை. நாங்கள் தினமும் தீய்ந்ததைத் தின்கிறோம். நான் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். எனக்கு அவள் பயப்படவில்லை அக்கா, உனக்குத்தான் பயப்படுகிறாள்.

அதனால் வந்ததும் ஸ்கேன், டாக்டர் என்று எதையும் ஆரம்பிக்காதே. பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, "பசிக்குதும்மா, சோறு போடு" என்று கேள். அது போதும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
தங்கச்சி