அப்பாவின் தட்டு

மே, இரண்டாம் சனி, இரவு.

வெயில் தாங்காமல் இன்று பேச்சிப்பாறைக்குப் போனோம். அவர் துபாயிலிருந்து வந்து ஒரு வாரமாகிறது. மகள் ஜெனி இன்னும் அப்பாவிடம் ஒட்டவில்லை. போனில் சிரித்த முகத்தை நேரில் பார்த்தால் அழுகிறாள்.

அணைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. மூன்று பேருக்கும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கேட்டோம். ஜெனி என் மடியை விட்டு இறங்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த கடைக்கார அக்கா இரண்டு தட்டுகளை மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

"அம்மாக்க கறி எரிக்கும் மக்கா. பிள்ளைக்குள்ள மீனு அப்பாக்க தட்டுலதான் இருக்கு. போய்த் தின்னு."

ஜெனி தயங்கித் தயங்கி நகர்ந்தாள். அவர் முள் பார்த்துப் பார்த்து ஊட்டினார். நாலு வாய்க்குள் அவர் மடியில் ஏறிவிட்டாள்.

பிறகுதான் நான் என் கறியைத் தொட்டேன். துளிக் காரம் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.