வாசித்ததாகக் கொள்ளப்படும்

என் தங்கத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம், உன் அப்பாவும் நலம், ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், காரணம் கீழே வருகிறது. நீ அங்கே நலமாக இருக்க வேண்டும், முக்கியமாக நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

போனில் நீ அழுததிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. ஊரையே எரித்த அந்தத் தளபதி மேல் கொலைக் குற்றச்சாட்டு போதும், பெண்களைச் சீரழித்த குற்றச்சாட்டைக் கைவிட்டால் வழக்குச் சீக்கிரம் முடியும், வழக்கை நடத்தும் வக்கீல் நீயும் சம்மதம் என்று கையெழுத்துப் போடு என்று உங்கள் சர்வதேச நீதிமன்றத்தில் உன் மேலதிகாரி சொன்னாராமே. சாட்சி சொல்ல வருஷக்கணக்காகக் காத்திருக்கும் அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று கேட்டாய். பக்கத்தில் இருந்த உன் அப்பா, "கொலைக்கே ஆயுள் தண்டனை கிடைக்கும்போது இது எதுக்குக் கூடுதலா?" என்றார். வக்கீல் சங்கச் செயலாளர் அல்லவா, எதிலும் சிக்கனம்.

அப்படிப்பட்டவர்தான் போன ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் "சர்வதேசக் குற்றவியல் சட்டத்தில் பெண்களின் பார்வை" என்று கருத்தரங்கம் நடத்தினார். எல்லாம் உன்னால் வந்த பெருமை. பேனரில் உன் படம், மேடையில் வரிசையாக ஆம்பிளைகள். இதென்ன கூத்து என்று கேட்டேன். "பெண்கள் பார்வையை எடுத்துச் சொல்ல சீனியருங்க எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களே, அது பெரிய விஷயம் இல்லையா?" என்றார். பெண்களுக்கும் இடம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அகதி முகாமில் வேலை பார்த்த என் டாக்டர் தோழிக்குக் கடைசியில் ஐந்து நிமிடம், செயலாளர் மனைவி என்ற தகுதியில் எனக்கு நன்றியுரை. முதலில் பேசியவர் போர் என்றால் என்ன என்று ஆதியிலிருந்து ஆரம்பித்தார், அடுத்தவர் அவரைப் பாராட்டினார், அதற்கடுத்தவர் பெண் என்பவள் தாய் என்று கண்டுபிடித்துச் சொன்னார், அதற்குக் கைதட்டல் வேறு. தோழி காலையிலிருந்து பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு தேமே என்று உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்ததும் உன் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். நேரமின்மையால் டாக்டரம்மாவின் உரை வாசித்ததாகக் கொள்ளப்படும் என்று அறிவித்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். ஆனால் நன்றியுரையை மட்டும் யாரும் வெட்ட மாட்டார்கள், தன் பேர் வரும்வரை ஒருத்தரும் எழுந்திருக்கவும் மாட்டார்கள். மைக்கைப் பிடித்து, முதல் நன்றி டாக்டருக்கு, எதற்காக நன்றி என்று தெரிய வேண்டுமே, அதனால் அவரே வந்து பேசுவார், பெரியவர்களுக்கான நன்றி அதற்குப் பிறகு என்றேன். பெரியவர்கள் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

தோழி பேப்பரைப் பார்க்கவே இல்லை. முகாமில் ஒரு பெண்ணிடம் விசாரணை அதிகாரி வந்து, புருஷனை யார் சுட்டது, எங்கே நின்று சுட்டது என்று எல்லாம் கேட்டு எழுதினாராம். தனக்கு நடந்ததையும் சொல்லிவிடலாம் என்று அவள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாயைத் திறக்கும்போது, இது போதும்மா என்று கோப்பை மூடிவிட்டாராம். "அவர் போனப்புறம் அவ என்கிட்ட ஒண்ணுதான் கேட்டா, டாக்டர், நான் செத்திருந்தா எழுதியிருப்பாங்களா?" என்று சொல்லிவிட்டுத் தோழி இறங்கிவிட்டாள். அதற்கு மேல் நான் யார் பேரையும் சொல்லவில்லை, மைக்கை அணைத்துவிட்டேன்.

பாவம், பெரியவர்கள் நன்றி வாங்காமலே வீட்டுக்குப் போனார்கள். சங்கத்தில் மானம் போச்சு என்று உன் அப்பா என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். நேற்று கூட்ட அறிக்கை எழுத உட்கார்ந்தவர், "உன் தோழி சொன்னதை அப்படியே சொல்லு" என்று மட்டும் கேட்டார். சொன்னேன், எழுதினார், மூக்கைச் சிந்தினார், ஜலதோஷமாம்.

கையெழுத்துப் போடாவிட்டால் உன் வேலைக்கு ஆபத்து வருமோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், உன் சாட்சியான அந்த அம்மா பேசியதாகக் கொள்ளப்படக் கூடாது, அவள் பேச வேண்டும். முடிவு உன்னுடையது. எது வந்தாலும் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறந்திருக்கும். மகராசியாக இரு, உனக்கு ஒரு குறையும் வராது. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், உனக்குக் குளிர் ஆகாது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றதால் கொஞ்சம் திமிர் பிடித்த அம்மா

பி.கு.: உன் அப்பாவும் எழுத வேண்டுமாம். தாளில் இடமில்லை, எழுதியதாகக் கொள்ளப்படும் என்றேன். மனிதர் பேனாவைப் பிடுங்கி ஓரத்தில் நுழைத்துவிட்டார்:

கையெழுத்துப் போடாதே கண்ணு. அப்பா.